எந்தக் கலத்திலிருந்து எடுத்த நுண்குமிழ்? பதிலும் பணமும் கேட்டு ஒரு புகார்

மஸ்கெலியா

வாடிக்கையாளர் பிரிவுப் பொறுப்பதிகாரி அவர்களுக்கு,

விடயம்: நீங்கள் விற்ற ‘நுண்குமிழ்த் துளி’, 2 போத்தல், 24,500 ரூபாய்

ஐயா / அம்மணி,

என் அம்மா 34 வருடம் மலையில் கொழுந்து எடுத்தவர். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. போன மாதம் உங்கள் விளம்பரத்தைப் போனில் பார்த்து, சேமலாப நிதியில் மிஞ்சியிருந்த காசில் இந்தத் துளியை எடுப்பித்தார். கூரியர்காரர் லயத்து வாசலுக்கு வந்தபோதுதான் எனக்கே தெரியும்.

காசு போனது ஒரு பக்கம். உங்கள் விற்பனைப் பிள்ளை போனில் சொன்னதுதான் என்னை எழுத வைக்கிறது. “இது உடம்பே விடுற சாமான் அம்மா, ஒரு கெடுதியும் வராது, இனி வேற மாத்திரை தேவைப்படாது.” போன வருடம் அம்மாவுக்குக் கால் நாளத்தில் இரத்தம் கட்டியது. அன்றிலிருந்து இரத்தம் கட்டாமல் இருக்க வார்பரின் மாத்திரை குடிக்கிறார். இந்தப் பேச்சை நம்பி அதை ஒன்பது நாள் நிறுத்திவிட்டார். கிளினிக்கில் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் அளவு; குறைந்தால் சீக்கிரம் கட்டும்) பார்த்தால் 1.1. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் இருக்க வேண்டியது. அன்று இரவு முழுக்க அவருடைய கால் வீங்குகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். உடம்பே விடுவது என்பது உண்மைதான். கலத்தின் மென்சவ்வு வெளிப்பக்கம் மொட்டு மாதிரிப் புடைத்து, கிள்ளி எடுத்ததுபோல் பிரிந்து வருவதுதான் நுண்குமிழ். பெரும்பாலும் 100 முதல் 1,000 நனோமீற்றர். புரதமும் ஆர்.என்.ஏ.யும் சுமந்துகொண்டு அடுத்த கலத்துக்குப் போகும். ஆனால் என்ன கொண்டுபோகிறது என்பது அனுப்பிய கலத்தைப் பொறுத்தது. 1967இல் பீற்றர் வுல்ஃப் என்பவர் குருதிச் சிறுதட்டுகளிலிருந்து உதிரும் இந்தத் துணுக்குகளைக் கண்டு ‘சிறுதட்டுத் தூசு’ என்று பெயர் வைத்தார். அந்தத் தூசு இரத்தம் உறைய உதவுகிறது. கவ்வாத்துக் கத்தி கையை வெட்டினால் அது உயிர் காக்கும். அதே வேலை நாளத்துக்குள் நடந்தால் கட்டி. புற்றுநோய்க் கலங்களும் உறைதலைத் தூண்டும் குமிழ்களை விடுகின்றன. அந்த நோயாளிகளுக்கு இரத்தம் கட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். அப்படியிருக்க, உடம்பே விடுகிறது, அதனால் கெடுதியில்லை என்று எப்படிச் சொன்னீர்கள்? அதுவும் ஏற்கனவே இரத்தம் கட்டிய ஒருவரிடம்?

போத்தலில் ‘100% இயற்கை’ என்றிருக்கிறது. எந்தக் கலம், யாருடையது, யார் பரிசோதித்தார்கள், ஒன்றும் இல்லை. பதிவு இலக்கமும் இல்லை. ஆய்வுகூடங்களில் இவற்றை நீண்ட நாள் வைக்க -80 பாகை செல்சியஸ் குளிர் வேண்டும். உங்களுடையது சாதாரண அட்டைப் பெட்டியில் கொழும்பிலிருந்து வந்து, கடைசியில் ஓட்டோவில் மலை ஏறியது. சரி, குடித்த துளி இரைப்பையைத் தாண்டி முழங்காலுக்கு எப்படிப் போகும் என்றாவது எழுதியிருக்கலாம்.

ஆராய்ச்சி நடக்கிறது, எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் ஆராய்ச்சி வேறு, அனுமதித்த மருந்து வேறு. இதே இனத்தைச் சேர்ந்த, கலங்கள் விடும் இன்னும் சிறிய குமிழ்களான எக்சோசோம் பொருட்களால் நெப்ராஸ்கா மாநிலத்தில் நோயாளிகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டபோது, அவற்றில் ஒன்றுக்கும் அனுமதி இல்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019 டிசம்பரில் எச்சரித்தது.

24,500 ரூபாயையும் திருப்பித் தாருங்கள். எந்தக் கலத்திலிருந்து எடுத்தது என்பதைப் பரிசோதனை அறிக்கையோடு எழுத்தில் தாருங்கள். எல்லாவற்றுக்கும் முதலில், இதை வாங்கிய ஒவ்வொருவருக்கும் போன் எடுத்து, டொக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். இது இன்றைக்கே நடக்க வேண்டும்.

மற்றவற்றுக்கு 14 நாள் பார்ப்பேன். அப்புறம் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிலும், மருந்து ஒழுங்குபடுத்தல் அதிகார சபையிலும் முறைப்பாடு செய்வேன். உடைக்காத போத்தல் ஒன்று பத்திரமாக இருக்கிறது.

அம்மாவின் போனுக்கு இனி யாரும் அழைக்க வேண்டாம். எனக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளரின் மகள்