இடைக்கால மேலாளர் அரசு அதிகாரி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லண்டன் அறக்கொடை நிறுவனம் ஒன்றைப் பற்றிச் சென்ற இதழில் வந்த செய்தியில், "நிர்வாகக் குழு கலைக்கப்பட்டு அரசு அதிகாரி ஒருவர் பொறுப்பேற்றார்" என்று எழுதியிருந்தீர்கள். வந்தவர் சாரிட்டி கமிஷன் நியமித்த இடைக்கால மேலாளர். ஒரே வரியில் இரண்டு தகவல், இரண்டும் தவறு. இவ்வளவு சிக்கனமாகத் தவறு செய்யவும் ஒரு தேர்ச்சி வேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அறக்கொடைகளைக் கண்காணிக்கும் அமைப்பான சாரிட்டி கமிஷன் 2011-ஆம் ஆண்டின் அறக்கொடைச் சட்டப்படி நடப்பது என்பது தாங்கள் அறியாததல்ல. முதலில் 46-ஆம் பிரிவின் கீழ் முறையான விசாரணை தொடங்க வேண்டும். அதன் பிறகு, முறைகேடோ நிர்வாகச் சீர்கேடோ நடந்திருக்கிறது, அல்லது சொத்தைக் காப்பாற்ற ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று தெரியவந்தால்தான் 76-ஆம் பிரிவைக் கையிலெடுக்கலாம். அறங்காவலரைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பது, வங்கிக் கணக்கை முடக்குவது, கூடுதல் அறங்காவலரைச் சேர்ப்பது என்று அதில் பல வழிகள் உண்டு. இடைக்கால மேலாளர் அவற்றில் ஒன்று, அதுவும் செலவு பிடிக்கும் ஒன்று. கமிஷன் தன் ஊழியரை அந்த வேலையில் அமர்த்த முடியாது என்று 78-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. வருகிறவர் பெரும்பாலும் ஒரு சட்ட நிறுவனத்தின் பங்குதாரர், அல்லது திவாலான கம்பெனிகளைக் கையாண்டு பழகிய கணக்காளர். அவரைப் போய் அரசு அதிகாரி என்றால் அவரே சிரிப்பார்.

குழுவும் கலையவில்லை. எந்தெந்த வேலை மேலாளர் கைக்குப் போகிறது, எதில் அறங்காவலர்கள் தலையிடக் கூடாது என்று நியமன ஆணையிலேயே எழுதியிருக்கும். 2018 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஆம்பிள்ஃபோர்த் கத்தோலிக்க மடத்தையும் பள்ளியையும் சார்ந்த இரண்டு அறக்கொடைகளுக்கு மேலாளர் நியமிக்கப்பட்டபோது அவரிடம் போனது குழந்தைகள் பாதுகாப்புப் பொறுப்பு. மற்ற நிர்வாகம் அறங்காவலர்களிடமே இருந்தது. அறங்காவலரை அடியோடு நீக்க வேண்டுமென்றால் அது 79-ஆம் பிரிவின்படி தனி நடவடிக்கை; அதற்கு முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும். ஆணையை வாங்கிப் படிக்காமல் "கலைக்கப்பட்டது" என்று எழுதினால், அந்த அறங்காவலர்கள் தங்களுக்கு இனிப் பொறுப்பே இல்லை என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள். பழைய தவறுகளுக்கான பொறுப்பு மேலாளர் வந்ததால் தீர்ந்துவிடாது.

இதையாவது அவசரத்தில் வந்த பிழை என்று விட்டுவிடலாம். அதே செய்தியின் கடைசியில் "இதை எதிர்த்து எதுவும் செய்ய வழியில்லை" என்று முடித்தீர்களே, அது மன்னிக்கக் கூடியதல்ல. முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். கட்டணம் கிடையாது. கமிஷன் தன் முடிவுக்கான காரணங்களை எழுத்தில் தர வேண்டும். ஆனால் காலக்கெடு 42 நாள். உங்கள் பத்திரிகையைப் படிப்பவர்களில் அறங்காவலர்கள் பலர் உண்டு. வழியில்லை என்று நீங்கள் சொன்னதை நம்பி ஒருவர் 43-ஆம் நாள் வக்கீலிடம் போனால், அதற்கும் ஒரு தலையங்கம் எழுதுவீர்களா? மேல்முறையீடு செய்த மாத்திரத்தில் ஆணை நின்றுவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

மேலாளர் வந்தும் ஊழியர் சம்பளம் தாமதமானது என்று ஒரு பத்தி முழுக்கக் கேலி செய்திருந்தீர்கள். ஏன் தாமதமாகிறது என்று யாரையாவது கேட்டீர்களா? வருகிறவர் முதலில் ஆணையின் நகலை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போக வேண்டும். பழைய கையெழுத்தாளர்களை நீக்கிப் புதியவரைச் சேர்க்க வங்கி அடையாளச் சான்று, முகவரிச் சான்று, தலைமையக ஒப்புதல் என்று நாட்களைத் தின்னும். நன்கொடைப் பக்கத்தின் கடவுச்சொல் ஒருவரிடம், இணையதளத்தின் டொமைன் இன்னொருவரின் சொந்தப் பெயரில், காப்பீட்டுப் பத்திரம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. நன்கொடையாளர் கட்டிய வரியை அறக்கொடை கோரிப் பெறும் கிஃப்ட் எய்ட் திட்டத்துக்கு வரித்துறையில் பதிவானவர் நிறுத்திவைக்கப்பட்ட அறங்காவலர். அந்தப் பதிவை மாற்றும்வரை அந்த வருமானமும் வராது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று வாங்கிய பணத்தைப் பொதுக் கணக்கில் கலந்து வைத்திருப்பது. கட்டடத்துக்கென்று கொடுத்த பணத்தை எடுத்துச் சம்பளம் போட மேலாளருக்கு உரிமை கிடையாது. கணக்கில் இருப்பு தெரியும், ஆனால் அதில் எவ்வளவைத் தொடலாம் என்று ரசீது ரசீதாகப் பிரித்த பிறகுதான் தெரியும். பதிவு பெற்ற கம்பெனியாக இல்லாத சங்கம் என்றால் கட்டடம் நான்கு தனிநபர் பெயரில் இருக்கும். அதில் ஒருவர் இறந்தும் போயிருப்பார். இத்தனைக்கும் நடுவில் மூன்று மாதத்துக்குள் சொத்து மதிப்பும் தன் திட்டமும் அடங்கிய முதல் அறிக்கையைக் கமிஷனிடம் கொடுத்தாக வேண்டும்.

கமிஷனுக்கு வக்காலத்து வாங்க எழுதவில்லை. அதன் மேல் எனக்கிருக்கும் கோபத்துக்கு உங்கள் கடிதப் பகுதி போதாது. மேலாளரின் கட்டணம் மணிக்கணக்கில் ஓடுகிறது. அதன் மேல் 20 சதவீத வாட் வரி (மதிப்புக் கூட்டு வரி). சிறிய அறக்கொடைகள் பலவற்றால் அதைத் திரும்பப் பெற முடியாது. இவ்வளவும் அறக்கொடையின் பணத்திலிருந்தே போகிறது. பெரிய நிறுவனம் தாங்கும். ஒரே ஒரு மண்டபத்தின் வாடகையில் ஓடும் சங்கத்துக்கு அறங்காவலர் அடித்தது பாதி, மேலாளர் கட்டணம் மீதி. நியமனத்தை அவ்வப்போது மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் "அவ்வப்போது" எப்போது என்பதைக் கமிஷனே முடிவு செய்துகொள்கிறது. விசாரணை அறிக்கை வெளிவருவதற்குள் நன்கொடையாளர்கள் பாதிப் பேர் மறந்திருப்பார்கள். எழுத வேண்டியது இதை. இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

போதாக்குறைக்குத் தமிழ்நாட்டில் அறநிலையத் துறை கோயில் நிர்வாகத்துக்கு நியமிக்கும் தக்காரோடு வேறு ஒப்பிட்டிருந்தீர்கள். ஒப்பிடுவதென்றால் முழுதாக ஒப்பிடுங்கள். சிதம்பரம் கோயில் வழக்கில் 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கோயில் நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொள்வது சீர்கேடு தீரும்வரைதான், அது நிரந்தரமாக நீடிக்கக் கூடாது என்று சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்தபோது உங்கள் இதழில் தீட்சிதர்களின் படம்தான் பெரிதாக வந்ததாக நினைவு.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் நான்கு வரித் திருத்தம் போடுங்கள்: குழு கலைக்கப்படவில்லை, வந்தவர் அரசு அதிகாரி அல்ல, மேல்முறையீட்டுக்கு 42 நாள் உண்டு, கட்டணம் கிடையாது. ராசிபலனுக்குக் கீழே இடம் இருந்தாலும் போதும்.

இப்படிக்கு,
அறக்கொடைக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஒரு வாசகர்,
லண்டன்