பத்தாவது முறை கேட்டாலும் பெயரைச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூர் மருத்துவமனை வார்டில் படுத்திருக்கும் நம் பெரியவர்களிடமும் அவர்களைப் பார்க்க வரும் பிள்ளைகளிடமும் ஒரு முணுமுணுப்பை அடிக்கடி கேட்கலாம். “காலையிலிருந்து அதே தாதி, அதே கேள்வி. பெயர் என்ன, அடையாள அட்டை எண் என்ன? கையில்தான் பட்டை கட்டியிருக்கிறார்களே, அதைப் பார்த்துக்கொள்ளக் கூடாதா?” உலகச் சுகாதார நிறுவனம் 2019லிருந்து செப்டம்பர் 17ஆம் தேதியை நோயாளிப் பாதுகாப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறது. அன்றைக்குச் சுவரொட்டியும் கருத்தரங்கும் உண்டு. ஆனால் கட்டிலருகே வந்து பார்த்தால், அந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி சலிப்பூட்டும் இந்தக் கேள்விதான். அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்வதும், நாமும் ஒரு கேள்வி திருப்பிக் கேட்பதும், கேட்டவரைப் பார்த்து யாரும் முகம் சுளிக்காமல் இருப்பதும் வழக்கமாக வேண்டும்.

மருந்து கொடுக்குமுன், ரத்தம் எடுக்குமுன், ரத்தம் ஏற்றுமுன், எக்ஸ்ரேவுக்கு அழைத்துப் போகுமுன் இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்க வேண்டும். ஒன்று முழுப் பெயர். மற்றது அடையாள அட்டை எண் அல்லது பிறந்த தேதி. கட்டில் எண் அடையாளமாகாது. மதியம் 12ஆம் கட்டிலில் இருந்தவர் மாலையில் 15க்குப் போயிருப்பார். ரத்தம் எடுத்த குழாயில் பெயர்ச்சீட்டைக் கட்டிலருகிலேயே, நோயாளியின் கண்முன்னே ஒட்டியாக வேண்டும். இரண்டு பேரிடம் எடுத்து முடித்துவிட்டு மேசைக்குப் போய் ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கும் இடத்தில்தான் குழாய் மாறுகிறது. குழாய் மாறினால் பதிவாகும் ரத்த வகையும் மாறிப்போகும். பொருந்தாத ரத்தம் கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் செயலிழந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

கேட்கும் விதமும் முக்கியம். “நீங்கள் திரு ராமன்தானே?” என்று கேட்டால், காது மந்தமான பெரியவர் தலையை ஆட்டிவிடுவார். “முழுப் பெயரைச் சொல்லுங்கள்” என்று கேட்டால்தான் அது சரிபார்ப்பு. நம்மவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ‘குமார் சன் ஆஃப் ராமன்’ என்று பதிவானவரைத் தகப்பனார் பெயரால் ‘மிஸ்டர் ராமன்’ என்று கூப்பிடுகிறார்கள். அவரும் பழக்கத்தில் எழுந்து போகிறார். அதே வரிசையில் நிஜமாகவே ராமன் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தால்? லெட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறார்கள். ஒரே வார்டில் இரண்டு லெட்சுமிகள் சேர்ந்துவிட்டால் எழுத்துக்கூட்டலை நம்ப முடியாது, எண்ணைத்தான் நம்ப வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லாமல், அட்டையில் உள்ளபடி முழுதாகச் சொல்ல அம்மா அப்பாவைப் பழக்கிவையுங்கள்.

கைப்பட்டை இருக்கிறதே என்பவர்களுக்கு ஒன்று. மணிக்கட்டில் ஊசிக்குழாய் பொருத்த இடம் வேண்டும் என்று பட்டையை வெட்டி மேசைமேல் வைத்துவிட்டு, புதுப் பட்டை கட்ட மறப்பது எந்த நாட்டு மருத்துவமனையிலும் நடக்கக்கூடியது. வெறுங்கையைப் பார்த்தால் உடனே தாதியிடம் சொல்லுங்கள். மயக்க மருந்து கொடுத்தபின் நோயாளிக்காகப் பேச அந்தப் பட்டையைத் தவிர வேறெதுவும் இல்லை.

மருந்து விஷயத்துக்கு வருவோம். “என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?” என்றால், “பிரஷருக்கு ஒன்று, சுகருக்கு ஒன்று, அப்புறம் சின்னதாக வெள்ளை மாத்திரை ஒன்று” என்று பதில் வருகிறது. வெள்ளை மாத்திரை உலகத்தில் எத்தனையோ. ஊருக்குப் போனபோது திருச்சியில் வாங்கிவந்த சர்க்கரை மாத்திரை கிளைகோமெட் ஒரு பக்கம், பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) தந்த மெட்ஃபார்மின் இன்னொரு பக்கம். அட்டையும் எழுத்தும் வேறு வேறு, உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே. இரண்டையும் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

பாரசிட்டமால் கதையும் இதுதான். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்ச அளவு. உடல் எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் அதிலும் குறைவு. 500 மில்லிகிராம் பனடோலை இரண்டிரண்டாக மூன்று வேளை போட்டால் 3 கிராம். முதுகுவலிக்கு மருந்தகத்தில் தந்த அனாரெக்ஸிலும் ஒரு மாத்திரைக்கு 450 மில்லிகிராம் பாரசிட்டமால் இருக்கிறது. அதையும் இரண்டிரண்டாக மூன்று வேளை போட்டால் 2.7 கிராம். கூட்டினால் 5.7. இதற்குமேல் காய்ச்சல் என்று ஊரிலிருந்து வந்த டோலோ 650 வேறு, அதுவும் பாரசிட்டமால்தான். வலிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று தனித்தனி மருந்தாக எண்ணிச் சாப்பிடுகிறோம். கல்லீரலுக்கு எல்லாம் ஒரே கணக்கு.

எனவே மருத்துவமனைக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அட்டையிலிருந்து பிரிக்காமல், பெயர்ச்சீட்டோடு வேண்டும். கண் சொட்டு மருந்து, இன்சுலின் பேனா, பூண்டு மாத்திரை, கஷாயம், லேகியம் எல்லாம் அதில் அடக்கம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர் பூண்டு மாத்திரையைச் சொல்லாமல் விட்டால், ரத்தப்போக்குக்குக் காரணம் தெரியாமல் மருத்துவர் தடுமாறுவார். மூட்டுவலிக்கு மூன்றே நாளில் குணம் தரும் பொடி என்றால் சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு என்ற வீக்கம் தணிக்கும் மருந்தைச் சொல்லாமல் கலந்த பொருள்களைப் பற்றி சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறது. நீண்ட நாள் ஸ்டீராய்டு உள்ளே போனவர் வார்டில் சேர்ந்ததும் பொடி திடீரென்று நின்றுபோகும். ரத்த அழுத்தம் சரியும். காரணம் பையில் இருக்கும், பை வீட்டில் இருக்கும். தனியார் மருந்தகத்தில் தந்ததெல்லாம் பொது மருத்துவமனைக் கணினியில் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். லிட்டில் இந்தியாவில் வாங்கிய சூரணம் எந்தக் கணினியிலும் இல்லை.

வீடு திரும்பும் நாள் இன்னும் ஆபத்தானது. அவசரம், டாக்சி காத்திருக்கிறது, மருந்துப் பை கைக்கு வருகிறது. அந்த இடத்தில் மூன்று கேள்விகள் கேட்டே ஆக வேண்டும்: எது புதிது, எதை நிறுத்தியிருக்கிறீர்கள், எதன் அளவு மாறியிருக்கிறது? ரத்த அழுத்த மாத்திரையான ஆம்லோடிபின் 5 மில்லிகிராமை 10 ஆக உயர்த்தியிருப்பார்கள். வீட்டு அலமாரியில் பழைய 5 மில்லிகிராம் அட்டை அப்படியே இருக்கும். இரண்டையும் போட்டுக்கொண்டு இரவில் கழிவறைக்கு எழுந்தவர் தலைசுற்றி விழுகிறார். நிறுத்திய மருந்தை அன்றைக்கே அலமாரியிலிருந்து எடுத்துவிட வேண்டும். கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டியில் பணிப்பெண் ஒரு வாரத்துக்கு அடுக்கிவைக்கும் வீடுகளில், வாரநடுவில் மருத்துவர் அளவை மாற்றினால் மீதி நாள்களின் அறைகளையும் கொட்டி மறுபடி அடுக்க வேண்டும். பணிப்பெண்ணிடம் “புரிந்ததா?” என்று கேட்டால் “யெஸ் மேடம்” என்றுதான் வரும். “நாளைக் காலை எதை எத்தனை கொடுப்பாய், எடுத்துக் காட்டு” என்று கேளுங்கள்.

வாரம் ஒருமுறை மட்டும் சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்கும் தருவது. தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு மரணம்வரை போகும். இப்படிப்பட்ட மரணங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. அதோடு சேர்த்துத் தரும் ஃபோலிக் அமிலமும் பெரும்பாலும் சின்ன மஞ்சள் மாத்திரையாகவே இருப்பதால் மாறிப்போக வழி அதிகம். எந்தக் கிழமை என்று அட்டைமேல் தமிழில் பெரிதாக எழுதிவையுங்கள். வாயில் புண், காய்ச்சல் என்றால் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள்.

விரதம் இருக்கும் நீரிழிவு நோயாளிகளும் கவனிக்க வேண்டும். தைப்பூச விரதம், புரட்டாசி சனி, ஏகாதசி என்று சாப்பாட்டை மட்டும் நிறுத்திவிட்டு கிளிபிசைட், கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளையோ இன்சுலினையோ வழக்கம்போல எடுத்தால் சர்க்கரை விழும். ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கலக்கிக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். விரதம் இருக்கப் போவதை முன்கூட்டியே சொன்னால் மருத்துவர் அளவை மாற்றித் தருவார். திட்டுவாரோ என்று பயந்து மறைப்பவர்களே அதிகம். திட்டுகிற மருத்துவர்களும் இதற்குக் கொஞ்சம் பொறுப்பேற்க வேண்டும்.

அறுவை சிகிச்சைக்கு முன் பட்டினி என்றால் பால் கலந்த தே திட உணவுக் கணக்கில் சேரும், சிகிச்சைக்கு 6 மணி நேரம் முன்பிருந்தே கூடாது. தெளிந்த நீருக்குப் பொதுவாக 2 மணி நேரம். ஆனால் உங்களுக்குத் தந்த தாளில் உள்ளதே இறுதி. “பாவம், வெறும் வயிறு” என்று அரை கப் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சை தள்ளிப்போகலாம், ஆனால் மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போவது தவிர்க்கப்படும். எந்தப் பக்கத்தில் சிகிச்சை என்று நோயாளி விழித்திருக்கும்போதே குறியிட வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 19 அம்ச அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியல் 2008ல் வந்தது. புதுடெல்லி, மணிலா உட்பட 8 நகரங்களில் சோதித்தபோது மரண விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8க்கு இறங்கியது. பட்டியலை ஒருவர் முணுமுணுக்க மற்றவர்கள் கருவிகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தால் அந்தப் பயன் கிடைக்காது. எல்லாரும் கையை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும்.

இனி மருத்துவமனைகளுக்கு. தவறு நடந்தபின் “இனிமேல் கவனமாக இருங்கள்” என்று சுற்றறிக்கை அனுப்புவதும் மறுபயிற்சி வகுப்புக்கு அனுப்புவதும் மிகப் பலவீனமான மருந்துகள். களைத்துப்போன தாதி, சுற்றறிக்கையைப் படித்தபிறகும், அதிகாலை நான்கு மணிக்குக் களைத்துத்தான் இருப்பார். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தவர்களுக்குத் தரும் அடர் பொட்டாசியம் குளோரைடு குப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண உப்புநீர்க் குப்பிபோலவே இருக்கும். நீர்த்துப்போகச் செய்யாமல் ரத்த நாளத்தில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதற்குக் கண்ட தீர்வு, குப்பியைப் பொது வார்டு அலமாரியிலிருந்தே அகற்றி, முன்கூட்டிக் கலந்த பையை மட்டும் வைப்பது. எடுக்க இல்லாததைத் தவறி எடுக்க முடியாதே. நோயாளிக்கு உணவு செலுத்தும் குழாயின் இணைப்பு, ரத்த நாளத்தில் மருந்து ஏற்றும் குழாயில் பொருந்தாதபடி செய்திருப்பதும் இதே வழிதான்.

ஆனால் எங்கே ஆபத்து ஒளிந்திருக்கிறது என்று தெரிய, நூலிழையில் தப்பிய சம்பவங்களை ஊழியர்கள் தாங்களாகவே தெரிவிக்க வேண்டும். ஏன் தெரிவிப்பதில்லை? படிவம் நீளம், பணி முடிந்து வீட்டுக்குப் போக வேண்டிய நேரம், எழுதிப்போட்டால் பதிலே வருவதில்லை, ஆண்டு மதிப்பீட்டில் பெயர் கெட்டுவிடுமோ என்ற பயம். ஒரு வார்டில் ஓராண்டாக ஒரு சம்பவமும் பதிவாகவில்லை என்றால் அந்த வார்டை மெச்ச வேண்டாம், போய்ப் பாருங்கள். மனிதத் தவறு ஒன்று, பழகிப்போன குறுக்குவழி ஒன்று, தெரிந்தே செய்த அலட்சியம் ஒன்று. மூன்றையும் ஒரே தட்டில் வைத்துத் தண்டித்தால் முதலாவதையும் யாரும் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள். 2015ல் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் சிறுநீரக நோயாளிகளிடையே 25 பேருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் சி கிருமி தொற்றியது. சுயேச்சை மறுஆய்வுக் குழு தொற்றுக் கட்டுப்பாட்டுக் குறைபாடுகளோடு, தகவல் மேலே போகத் தாமதமானதையும் சுட்டிக்காட்டியது. அந்த இரண்டாவது குறை எந்த நிறுவனத்துக்கும் பொதுவானது.

குடும்பத்தாருக்கும் ஒரு பங்கு. தாதி மருந்து வண்டியருகே மாத்திரை எண்ணிக்கொண்டிருக்கும்போது “சிஸ்டர், ஒரு நிமிஷம்” என்று கூப்பிடாதீர்கள். அவசரமில்லை என்றால் முடிக்கும்வரை பொறுங்கள். பார்த்துவிட்டுப் போகும்போது அழைப்பு மணி கைக்கு எட்டுகிறதா, இறக்கிவிட்ட கட்டில் தடுப்பை மறுபடி ஏற்றினோமா என்று பாருங்கள். தப்பு நடக்கிறது என்று தோன்றினால் கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுக்குமுன், “இந்த மாத்திரை நேற்று வேறு நிறத்தில் இருந்தது, சரிதானா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் மருந்தைத் தயாரிக்கும் நிறுவனம் மாறியிருக்கும். சில நேரம் மருந்தே மாறியிருக்கும்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். மருத்துவமனைகள் தங்கள் உள்விசாரணையில் கண்ட பாடங்களை, யார் பெயரும் இல்லாமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான்கு மொழிகளிலும் வெளியிடலாம். அதைத் தன் பக்கங்களில் போட உங்கள் நாளிதழ் முன்வர வேண்டும். மருந்துச் சீட்டைத் தமிழில் அச்சிட்டுத் தருவது எல்லா மருந்து முகப்புகளிலும் வழக்கமாக வேண்டும். அதுவரை, ஆங்கிலம் படிக்கத் தெரியாத பெற்றோருக்காக மருந்து வாங்கப் போகிறவர்கள் ஒரு பேனாவையும் எடுத்துப் போங்கள். மருந்தாளர் விளக்கும்போதே, அவர் முன்னாலேயே, ஒவ்வொரு அட்டையிலும் எதற்கு, எத்தனை, எப்போது என்று தமிழில் எழுதிவிட்டு, எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
மருந்தாளர் ஒருவர்,
ஈசூன்