"விடாமல் செல்ஃப் அடி" என்று சொல்லாதீர்கள்: லாரி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

லாரி உரிமையாளர்களுக்கும் வண்டிகளை அனுப்பிவைக்கும் டிரான்ஸ்போர்ட் மேலாளர்களுக்கும் வணக்கம்.

நான் டீசல் மெக்கானிக். குளிர்காலம் வந்துவிட்டால் விடிகாலையில் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: "வண்டி ஸ்டார்ட் ஆகலை." போய்ப் பார்த்தால் பேட்டரி இறங்கியிருக்கும், இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் தொட முடியாத சூட்டில் இருக்கும், ஏர் கிளீனர் பக்கம் ஈதர் ஸ்ப்ரே (இன்ஜினைக் கிளப்ப அடிக்கும், சட்டென்று பற்றும் திரவம்) வாடை அடிக்கும். டிரைவரைக் கேட்டால், "ஆபீஸ்ல விடாம அடிக்கச் சொன்னாங்க" என்பார். அந்த ஆபீஸில் இருப்பவர்களுக்குத்தான் இந்த மடல். குளிர் வைக்கும் செலவு கொஞ்சம்தான்; அந்த அவசரம் வைக்கும் செலவுதான் பெரிது.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை நசுக்கும்போது வரும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. நல்ல இன்ஜினில் அந்தக் காற்று 500 டிகிரிக்கும் மேல் போகும். குளிரில் உள்ளே வரும் காற்றே சில்லென்று இருக்கிறது, சிலிண்டர் சுவரும் சூட்டை உறிஞ்சுகிறது. இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் காற்று பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் வழியே கசியவும் நேரம் கிடைக்கிறது. அதனால் சுற்றும் வேகம்தான் முக்கியம். இளைத்துப்போன பேட்டரியை வைத்துக்கொண்டு நீங்கள் எத்தனை தடவை அடிக்கச் சொன்னாலும், ஒவ்வொரு தடவையும் முந்தைய தடவையைவிட மெதுவாகத்தான் சுற்றும். வாய்ப்பு கூடாது, குறையும்.

"ஸ்டார்ட் ஆகலை" என்பது ஒரே கோளாறு இல்லை என்பதை நீங்கள் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். போனை எடுத்ததும் டிரைவரிடம் கேளுங்கள்: செல்ஃப் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறதா? சைலன்சரில் புகை வருகிறதா, என்ன நிறம்? கடைசியாக டீசல் எங்கே போட்டீர்கள்? பாதி வேலை அந்தப் பதில்களிலேயே முடிந்துவிடும்.

மெதுவாகச் சுற்றினாலோ, டக் டக் என்று சத்தம் மட்டும் வந்தாலோ மின்சாரப் பக்கம் பாருங்கள். மைனஸ் 18 டிகிரியில் பேட்டரிக்கு அதன் வழக்கமான தெம்பில் பாதிகூட இருக்காது. அதே நேரத்தில் கெட்டிப்பட்ட இன்ஜின் ஆயிலைத் தள்ள இன்னும் அதிகத் தெம்பு வேண்டும். 24 வோல்ட் வண்டியில், நிற்கும்போது 25.2 வோல்ட்டாவது காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 18-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். ஆனால் உடனே புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் உப்பு, பேட்டரி நெகட்டிவை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் கேபிள் தளர்ந்துபோயிருப்பது, இரண்டு பேட்டரிகளை இணைக்கும் துண்டு ஒயர் என்று இவற்றாலேயே பாதி வண்டிகள் நிற்கின்றன. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் முளையிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடித்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதா என்று தெரியும். காட்டினால் எர்த் பாதையில்தான் கோளாறு. கிளட்ச்சை மிதித்துக்கொண்டு அடித்தால் கியர்பாக்ஸ் ஆயிலின் சுமையும் குறையும். இதெல்லாம் டிரைவரே செய்யக்கூடியது, ஒரு மீட்டர் வாங்கிக் கொடுத்திருந்தால்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி லேசில் உறையாது. முழுதும் இறங்கிய பேட்டரி மைனஸ் 10-க்கு முன்பே உறைந்துவிடலாம். உறைந்த பேட்டரிக்கு இன்னொரு வண்டியிலிருந்து கேபிள் போட்டால் வெடிக்கும் அபாயம் உண்டு. பக்கவாட்டில் உப்பியிருந்தால் தொடாமல் விடச் சொல்லுங்கள்.

செல்ஃப் நல்ல வேகத்தில் சுற்றுகிறது, புகையே இல்லை என்றால் டீசல் இன்ஜினுக்குள் போகவில்லை. குளிர் வண்டிகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். டீசலில் இயல்பாகவே மெழுகு உண்டு. வெப்பம் இறங்க இறங்க அது பொடிப்பொடியாகப் பிரிந்து டீசலை மங்கலாக்கும். டேங்க்கில் இருப்பது இன்னும் ஓடும் நிலையில் இருந்தாலும், ஃபில்டரின் நுண்ணிய காகிதத்தில் அந்த மெழுகு அப்பிக்கொண்டு வழியை அடைத்துவிடும். டேங்க்கைத் திறந்து பார்த்துவிட்டு "டீசல் நல்லாத்தானே இருக்கு" என்பதில் பயனில்லை. ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மெழுகு இல்லாமல் பனிக்கட்டி இருந்தால் அது வாட்டர் செப்பரேட்டரில் (டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் கிண்ணம்) வடிக்காமல் விட்ட தண்ணீர்.

எல்லா டீசலும் ஒரே டீசல் இல்லை. ஐரோப்பியத் தரமான ஈ.என். 590-இல் மிதமான குளிருக்கு என்றே ஆறு வகுப்புகள் உண்டு. ஃபில்டரை அடைக்கத் தொடங்கும் வெப்பநிலைக்கு அந்த வகுப்புகள் வைத்திருக்கும் வரம்பு பிளஸ் 5-இல் தொடங்கி மைனஸ் 20 வரை போகிறது. வெதுவெதுப்பான இடத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று டேங்க் நிறையப் போட்டு அனுப்புகிறீர்கள். வண்டி குளிருக்குள் போய் இரவு நிற்கிறது. காலையில் டிரைவருக்குத் திட்டு. டீசலை எங்கே போடுவது என்று முடிவு செய்தது யார்?

அப்புறம் கலப்படக் கைவைத்தியம். மண்ணெண்ணெய் கலந்தால் மெழுகு தள்ளிப்போகும், உண்மைதான். ஆனால் அதற்கு வழவழப்புக் குறைவு. பழைய பம்ப் ஏதோ பொறுத்துக்கொண்டது. இப்போதைய வண்டிகளில் 1600, 2000 பார் அழுத்தத்தில் டீசலை ஒரு பொதுக் குழாயில் ஏற்றி எல்லா இன்ஜெக்டருக்கும் அனுப்பும் காமன் ரயில் பம்ப் டீசலின் வழவழப்பை நம்பியே இருக்கிறது. பெட்ரோல் கலப்பது அதைவிட மோசம், தீப்பிடிக்கும் அபாயமும் சேர்ந்துகொள்ளும். குளிர் தாங்கும் சேர்மானத் திரவம் நல்லதுதான். அதை மெழுகு பிரிவதற்கு முன்பே, டீசல் போடும்போதே ஊற்ற வேண்டும். உறைந்தபின் அதை ஊற்றிவிட்டுக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. அப்போது செய்ய வேண்டியது ஃபில்டரை மாற்றி, ஹேண்ட் பம்ப்பால் டீசலை இழுத்து ஏர் எடுப்பது (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது), முடிந்தால் வண்டியைச் சூடான கொட்டகைக்குள் இழுத்துவைப்பது. டேங்க்குக்கு அடியில் நெருப்பு மூட்டும் வேலை வேண்டாம். பிரேக்குக்குப் போகும் நைலான் குழாய்களும் ஒயர்களும் அங்கேதான் ஓடுகின்றன. ஏர் எடுக்கிறேன் என்று காமன் ரயில் வண்டியில் இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்தவும் கூடாது.

வெள்ளைப் புகை வருகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் டீசல் போகிறது, பற்றவில்லை. இங்கே ஹீட்டரைப் பாருங்கள். சின்ன இன்ஜின்களில் சிலிண்டருக்குள் சூடேற்றும் க்ளோ பிளக். பெரிய லாரிகள் பலவற்றில் காற்று போகும் வழியில் அதைச் சூடாக்கும் கிரிட் ஹீட்டர். டேஷ்போர்டில் சுருள் விளக்கு அணையும்வரை காத்திருக்காமல் சாவியைத் திருப்புவது அவசரத்தில் நடக்கும் முதல் தப்பு. அதன்பின் ஃபியூஸ், ரிலே. க்ளோ பிளக் முனைக்கும் பிளாக்குக்கும் நடுவே ஓம் அளந்தால், நல்ல பிளக் மிகக் குறைந்த அளவே காட்டும். செத்த பிளக்கில் பாதையே இருக்காது.

இந்த நிலையில்தான் எல்லோரும் ஈதர் ஸ்ப்ரேயை எடுக்கிறார்கள். ஹீட்டர் சிவந்திருக்கும்போது ஈதர் அடித்தால் காற்றுக் குழாயிலேயே பற்றிக்கொள்ளும். சிலிண்டருக்குள் போனாலும் பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடித்து ரிங்கை உடைக்கும், பிஸ்டனைப் பிளக்கும். ஸ்ப்ரே டப்பாவின் விலையை இன்ஜின் இறக்கும் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் வண்டிகளில் ஹீட்டர் இருந்தால் அந்த டப்பாவை இன்றே எடுத்துவிடுங்கள்.

ஆட்ப்ளூ (புகையின் நச்சைக் குறைக்கத் தனி டேங்க்கில் ஊற்றும் திரவம்) பற்றியும் கேட்கிறீர்கள். அது மைனஸ் 11-இல் உறையும். அதனால் இன்ஜின் கிளம்பாமல் போகாது, ஓட ஓட அதுவே உருகிக்கொள்ளும். விட்டுவிடுங்கள்.

சரி, உங்களிடம் என்ன கேட்கிறேன்? செல்ஃப் அடிப்பதற்கு ஒரு வரம்பு வையுங்கள். கையேட்டில் இருக்கும் கணக்கைப் பின்பற்றுங்கள். அது கையில் இல்லையென்றால் 15 நொடிக்கு மேல் வேண்டாம், நடுவே இரண்டு நிமிடம் மோட்டார் ஆறட்டும். மூன்று தடவைக்கு மேல் போகாமல் காரணத்தைத் தேடட்டும். இதை டிரைவருக்கு எழுத்தில் கொடுங்கள், அப்போதுதான் போனில் யாரும் மாற்றிச் சொல்ல முடியாது.

குளிர்ப் பகுதிக்குள் போனதும் அங்கேயே டீசல் போட அனுமதியும் பணமும் கொடுங்கள். போட்டபின் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். புது டீசல் ஃபில்டர்வரை போய்ச் சேர்ந்தால்தான் காலையில் அது உதவும். வண்டிக்கு ஒரு மாற்று ஃபில்டரும் மல்டிமீட்டரும், இன்னொரு வண்டியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கேபிளும் வேண்டும். தண்ணீர் வடிப்பது மாலையிலேயே நடக்கட்டும். இன்ஜின் ஆயிலையும் பருவத்துக்கு முன் பாருங்கள்: டப்பாவில் டபிள்யூ-க்கு முன்னால் உள்ள எண் சிறிதாக இருந்தால் ஆயில் குளிரில் குறைவாகக் கெட்டிப்படும். குளிரில் இன்ஜின் எவ்வளவு சுலபமாகச் சுற்றும் என்பதற்கு 15டபிள்யூ ஆயிலை எஸ்.ஏ.இ. தரப்படி மைனஸ் 20-இல் சோதிக்கிறார்கள், 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30-இல். மைனஸ் 20-ஐத் தாண்டிய குளிருக்குப் போகும் வண்டிக்கு 15டபிள்யூ போட்டுவிட்டு பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். பிளாக் ஹீட்டர் (நிற்கும் இன்ஜினை மின்சாரத்தில் சூடாக்கும் சாதனம்) உள்ள வண்டியை மின்சார வசதி உள்ள இடத்தில் நிறுத்த அனுமதியுங்கள். கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பு ஹீட்டரைப் போட்டால் போதும், இரவு முழுக்க வேண்டியதில்லை.

கடைசியாக, டெலிவரி நேரத்தைக் கணக்குப் போடும்போது குளிர்காலக் காலைகளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள். வண்டி தாமதமானால் டிரைவர் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் உள்ளவர்கள், இந்தப் பருவத்துக்காவது அதை நிறுத்துங்கள். பிடித்தம் இருக்கும்வரை எழுத்தில் எதைக் கொடுத்தாலும் அவர் செல்ஃப் அடித்துக்கொண்டேதான் இருப்பார்.

இப்படிக்கு,
ஒரு டீசல் மெக்கானிக்