மலைல தோட்டம் காடு வாங்கறவங்க மாசி பங்குனில ஒருக்கா வந்து பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, டவுன் வேலைய விட்டுட்டு மலைல ரெண்டு ஏக்கரா வாங்கி வீடு கட்டி நிம்மதியா இருக்கறதப் பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. போட்டோ எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அத்தனையும் ஐப்பசி கார்த்திகைல எடுத்ததுன்னு அந்தப் பச்சையப் பாத்தாலே தெரியுதுங்க. அதைப் படிச்சதுல இருந்து ஈரோடு, கோயமுத்தூர் ஒறம்பரைக்காரங்க எல்லாம் போன் மேல போன், உங்க பக்கத்துல காடு ஏதாச்சும் விலைக்கு வருதான்னு. நான் கொல்லிமலைல காப்பி, மெளகு தோட்டத்துலயே குடியிருக்கறவ. அவங்களுக்குச் சொன்னதையே உங்க வாசகருக்கும் சொல்றேன். எடம் பாக்கறதுன்னா மாசி பங்குனில வாங்க. ஆடி பதினெட்டுக்கு வல்வில் ஓரி விழா பாக்க வந்துட்டு, அப்படியே காட்டையும் ஒரு சுத்து சுத்திட்டு அட்வான்ஸ் குடுத்துட்டுப் போயிராதீங்க.

மொதல்ல தண்ணி. இங்க நெறைய தோட்டத்துக்கு மேல பாறை இடுக்குல ஊத்துதான், அங்கிருந்து கருப்பு ஓஸ் போட்டு மோட்டாரே இல்லாம எறக்கத்துல தண்ணி வந்துரும். ஐப்பசில அந்த ஓஸைத் தொறந்தா தொட்டி வழிஞ்சு ஓடும், புரோக்கரு கூட்டிட்டு வந்து காட்டறது அதைத்தான். மாசி பொறந்தா அதே ஓஸ்ல சுண்டு விரல் தண்டிக்கு வரும், பங்குனில ராத்திரி முச்சூடும் விட்டு வெச்சாத்தான் வெடியால பாதித் தொட்டியாச்சும் ரொம்பும். ஆகாய கங்கை அருவி இருக்குதுங்களே, அய்யாத்துத் தண்ணி 300 அடி ஒசரத்துல இருந்து விழுகறது, மழை நாள்ல பக்கத்துல நிக்க முடியாது, இந்த மாசி பங்குனில போனா சாவகாசமா தலைய நனைச்சுட்டு வரலாம். டூரிஸ்ட்டுக்கு அது சந்தோசம், எங்களுக்கு வயித்துல புளி கரைக்கும். இன்னொன்னு, அந்த ஊத்து உங்க பட்டா எல்லைக்குள்ள இருக்குதா, அடுத்தவங்க காட்டுல இருக்குதா, பாரஸ்ட்காரங்க எடத்துல இருக்குதான்னு கேளுங்க. ஒரே ஊத்துல நாலு வீடு மொறை வெச்சு தண்ணி எடுக்கற எடமும் உண்டு, அந்த மொறையெல்லாம் பத்திரத்துல எழுதியிருக்காது.

எங்க பொழுது விடியறதே ஓஸ் பாக்கப் போறதுலதானுங்க. வெடியால அஞ்சு மணிக்கு பனி இன்னும் எறங்கிட்டிருக்கும், சொட்டர் போட்டுட்டு டார்ச்ச எடுத்துட்டு மேல ஏறோணும். கொரங்கு கடிச்சு வெச்சிருக்கும், பன்னி மிதிச்சு ஜாயிண்ட் கழண்டிருக்கும், ரெண்டும் இல்லாட்டி காத்து அடைச்சிருக்கும், வாய வெச்சு உறிஞ்சி எடுத்தாத்தான் தண்ணி வரும். வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டி, பால் கறந்து, வெறகடுப்புல களியக் கிண்டி எறக்கறதுக்குள்ள வெயில் ஏறிரும். பனியும் வெயிலும் ஒரே நாள்ல அடிக்கற மாசம் இது, குழந்தைகளுக்கு சளி விடவே விடாது.

அப்புறம் மெளகு. தை கடைசில ஆரம்பிச்சா பங்குனி வரைக்கும் பறிப்பு ஓடும். கொடி சில்வர் ஓக் மரத்துல ஒசரத்துக்கு ஏறிக் கெடக்கும், ஒத்தை மூங்கில் ஏணிய சாத்தி இடுப்புல சாக்கக் கட்டிட்டு ஏறோணும், சரத்துல ஒன்னு ரெண்டு செவந்திருந்தா அந்தச் சரத்தப் பறிக்கலாம். ஏணி ஏறப் பழகின ஆளுக பாதிப் பேரு கேரளாப் பக்கம் இதே வேலைக்குப் போயிர்றாங்க, அங்க கூலி எச்சு. பறிச்சதக் கால்ல மிதிச்சு உதுத்து, தார்ப்பாயில கொட்டி நாலஞ்சு நாள் வெயில்ல காய வெக்கோணும், மூணு கிலோ பச்சை காஞ்சா ஒரு கிலோதான் நிக்கும். கோழி கெளறாமப் பாத்துக்க ஒரு ஆளு பகல் முச்சூடும் உக்காரோணும், எங்க வீட்டுல அது எங்க அத்தை வேலை.

இதுலதான் ஒரு வேடிக்கை இருக்குதுங்க. மெளகு காயற அதே நேரத்துல காப்பிச் செடி மழைக்குக் காத்துட்டு நிக்கும். மொட்டு கட்டி அப்படியே தூங்கிட்டிருக்கும், பங்குனி வாக்குல ஒரு இஞ்சுக்குக் கொறையாம, அதாவது 25 மில்லிமீட்டருக்கு மேல ஒரே மழையா பேஞ்சாத்தான் முழிக்கும். பேஞ்ச எட்டு பத்து நாள்ல ஒரு வெடியால பாத்தா தோட்டம் மொத்தமும் வெள்ளையா பூத்து நிக்கும், மல்லிப்பூக் கடைக்குள்ள நொழைஞ்ச மாதிரி வாசம், தேனீ சத்தம் வாசல் வரைக்கும் கேக்கும், அன்னிக்கு யாரும் தோட்டத்துக்குள்ள எறங்க மாட்டோம். ரெண்டு மூணு நாள்ல பூ வாடிரும். அடுத்த மார்கழி தைல பறிக்கற பழம் அந்தப் பூவுல இருந்து வர்றதுதான். மழை அரைகொறையா தூறிட்டுப் போயிருச்சுன்னு வெச்சுக்குங்க, மொட்டு பாதி விரிஞ்சு கருகிப் போயிரும், அதுக்குப் பேயாமயே இருந்திருக்கலாம். நல்லா பூத்தாலும் மூணு வாரத்துக்குள்ள இன்னொரு மழை வேணும், இல்லீன்னா பிஞ்சு நிக்காது. இதே மழை தார்ப்பாயில கெடக்கற மெளகுல விழுந்துச்சுன்னா பூசணம் புடிச்சு விலை பாதியாயிரும். மேகம் கருத்தா எங்க ஊட்டுக்காரரு காப்பியப் பாத்து சிரிப்பாரு, எங்க அத்தை வானத்தப் பாத்து வைவாங்க, நான் தார்ப்பாய இழுத்துட்டு சாளைக்குள்ள ஓடுவேன்.

தீயப் பத்தி உங்க கட்டுரைல ஒரு வரி கூட இல்லீங்க. சரிவுல புல்லெல்லாம் காஞ்சு கெடக்கு, அடிவாரத்துக் காரவள்ளில இருந்து மேல வர்ற ரோட்டுல 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொரு வளைவுலயும் காரை நிறுத்தி செல்பி எடுத்துட்டு சிகரெட்டத் தூக்கி வீசறவங்க இருக்காங்க. கீழ பத்துன தீ காத்தோட மேலதான் ஏறும். காப்பித் தோட்டத்துக்குள்ள சருகக் கூட்டக் கூடாது, அதுதான் மண்ணுல ஈரத்தைப் புடிச்சு வெக்கும், அதனால வேலி ஓரத்துல மட்டும் அகலமா கூட்டி ஒதுக்கி வெச்சுக்குவோம். பொகை வாசம் வந்தா ராத்திரில எல்லாத் தோட்டத்துக்காரங்களும் பச்சைத் தழைய ஒடிச்சுட்டு ஓடுவோம். வாரக் கடைசிக்கு மட்டும் வர்றவங்க தோட்டத்துல அன்னிக்கு ஆள் இருக்க மாட்டாங்க, வேலி ஓரமும் கூட்டாமக் கெடக்கும், தீ அந்த வழியாத்தான் அடுத்த காட்டுக்கு வரும். இதைச் சொன்னா கோவிச்சுக்கறாங்க.

கரண்ட்டும் இந்த மாசத்துலதான் அடிக்கடி போகும். பத்தாவது, பன்னண்டாவது பரிச்சை நேரம் வேற. செல்போனு டவர் கெடைக்கோணும்னா பாறை மேல ஏறோணும், அதுக்குப் பழகிட்டோம். வீடு கட்டறதுன்னா ஹாகாங்கற மலைப் பகுதி பாதுகாப்பு ஆணையத்தோட பட்டியல்ல இருக்கற மலைக் கிராமமான்னு முன்னாடியே விசாரிச்சுக்குங்க, புரோக்கரு சொல்ல மாட்டாரு.

நல்லதே இல்லையான்னு கேப்பீங்க. இருக்குது. முள்ளு முருங்கை செவப்பா பூக்கறது இப்பத்தான், பலாப் பிஞ்சு பொரியலும் அவரைக்கொட்டைக் கொழம்பும் களிக்கு தொட்டுக்க இப்பத்தான் சேந்து அமையும், ராத்திரி போர்வை இல்லாமத் தூங்க முடியாது. வர வேண்டாம்னு நான் சொல்லல. வர்றவங்க இந்த மாசத்துல ஒரு வாரம் யார் தோட்டத்துலயாவது தங்கி, வெடியால ஓஸ் பாக்கப் போயிட்டு வந்து, அப்புறம் விலை பேசுங்க.

உங்ககிட்ட ஒரே ஒரு கோரிக்கை. மாவட்டப் பக்கத்துல மழை அளவு போடறப்ப நாமக்கல், ராசிபுரம், சேந்தமங்கலம் எல்லாம் வரும், எங்க மலைல இருக்கற செம்மேடு அளவு மட்டும் சில நாள் எடமில்லைன்னு விட்டுப் போகுது. பங்குனி சித்திரை ரெண்டு மாசமாச்சும் அதை விடாமப் போடுங்க. எந்தத் தேதில எத்தனை மில்லிமீட்டருன்னு தெரிஞ்சாத்தான் பூ எந்த நாள்ல விரியும், அடுத்த மழை எதுக்குள்ள வேணும்னு காப்பித் தோட்டத்துக்காரங்க கணக்குப் போட முடியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொல்லிமலை, நாமக்கல் மாவட்டம்