டியர் சார் என்று எழுதியது நான் இல்லை

அன்புள்ள பாலு,

இது நான்தான். சந்தேகமாக இருந்தால் கையெழுத்தைப் பார். இந்தக் கோழிக் கிறுக்கலை எந்தக் கள்ளனாலும் காப்பியடிக்க முடியாது என்று நீயே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். அதற்காகத்தான் மெயிலை விட்டுவிட்டுப் பேனாவைத் தேடினேன். மூன்று பேனா எழுதவில்லை, இது நாலாவது.

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். கடைசியில் எனக்குப் பதிலாக எவனோ எழுதிவிட்டான். 'டியர் சார்' என்று தொடங்கி, அவசரமாகப் பணம் வேண்டும், போனில் பேச முடியாத நிலையில் இருக்கிறேன் என்று என் பெயரில் உனக்கு வந்ததே, அது நான் எழுதியது இல்லை. அதற்கு நீ அனுப்பிய பதிலை நேற்றுதான் பார்த்தேன். "என்னை சார் என்று கூப்பிடும் அளவுக்கு உனக்கு எப்போதடா மரியாதை வந்தது?" படித்துவிட்டு இந்த இரண்டு வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தேன். ஏன் நேற்றுதான் பார்த்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இங்கே எல்லாரும் நலம். மாலதிக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. நித்யா வேலை மாறிவிட்டாள். உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகக் குமரேசன் சொன்னான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு ஸ்கேன் செய்த தாளை வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. இலவசமாக மாற்றித் தரும் தளம் எது என்று தேடி, முதலில் வந்ததைத் திறந்தேன். 'நான் ரோபோ அல்ல' என்று ஒரு கட்டம். டிக் செய்தேன். வழக்கமாகப் படத்தில் சைக்கிளைக் காட்டு, சிக்னலைக் காட்டு என்று கேட்பார்கள் அல்லவா? இது வேறு மாதிரி கேட்டது: விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்கு, அப்புறம் கன்ட்ரோலும் வி-யும், அப்புறம் என்டர். நானும் அமுக்கினேன். மூலையில் ஒரு சின்னப் பெட்டி திறந்தது. அதற்குள் 'நான் ரோபோ அல்ல, சரிபார்ப்பு எண்' என்று ஏதோ நாலு இலக்கம் தெரிந்தது. என்டர் தட்டியதும் ஒரு கறுப்பு ஜன்னல் கண் சிமிட்டும் நேரத்துக்கு வந்து மறைந்தது. அவ்வளவுதான். தாளும் ஒழுங்காக மாறிக் கிடைத்தது. நல்ல தளம் என்று நினைத்தேன், கேட்டுக்கொள்.

நடந்தது என்னவென்று நித்யா பிறகு விளக்கினாள். நான் டிக் செய்த கணத்திலேயே அந்தத் தளம் ஒரு கட்டளையைச் சத்தமில்லாமல் காப்பி செய்து வைத்துவிட்டது. அந்தச் சின்னப் பெட்டியில் நீளமான வரியை ஒட்டினால் அதன் வால் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். வாலில் 'நான் ரோபோ அல்ல' என்று எழுதி வைத்திருக்கிறான். தலையில் இருந்தது வேறு: இன்ன இடத்துக்குப் போய் இன்ன நிரலை இறக்கி ஓட்டு என்ற ஆணை. அவன் பூட்டை உடைக்கவே இல்லை பாலு. நானே கதவைத் திறந்து, காபி சாப்பிடுகிறாயா என்று கேட்காத குறைதான்.

அந்த நிரல் எதையும் அழிக்கவில்லை, மிரட்டவில்லை. பிரவுசரில் நான் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகளை மொத்தமாக வாரிக்கொண்டு போய்விட்டது. "எனக்குத்தான் போனுக்கு எண் வருமே, இரண்டாவது பூட்டு இருக்கிறதே" என்று நித்யாவிடம் வீறாப்பாகக் கேட்டேன். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். வாசலில் டிக்கெட்டைக் காட்டி உள்ளே போனதும் கையில் ஒரு முத்திரை குத்துவார்கள், அடுத்த முறை டிக்கெட் கேட்க மாட்டார்கள், இல்லையா? மெயிலுக்குள் ஒரு தடவை நுழைந்ததும் பிரவுசருக்கும் அப்படி ஒரு முத்திரை உண்டு. குக்கீ என்கிறார்கள். அதையும் திருடிக்கொண்டு போனால் பாஸ்வேர்டும் கேட்காது, எண்ணும் கேட்காது. அப்படித்தான் என் மெயிலுக்குள் போய் உட்கார்ந்தான்.

உட்கார்ந்ததும் செய்த முதல் வேலையைக் கேள். உன் பதில் மாதிரி எது வந்தாலும் எனக்குக் காட்டாமல் நேராகக் குப்பைக்கு அனுப்பும்படி ஒரு விதி எழுதி வைத்திருக்கிறான். நீ என்னைக் கிண்டல் செய்ததும், குமரேசன் "என்னடா ஆச்சு?" என்று பதறியதும் அந்தக் குப்பைக்குள்தான் கிடந்தன. இப்போதே உன் மெயில் செட்டிங்கில் போய், ஃபில்டர், ஃபார்வர்டு என்று இருக்கும் இடங்களில் நீ எழுதாத விதி ஏதாவது இருக்கிறதா என்று பார். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி போகாது. எனக்கு அது தெரியாமல் ஒரு வாரம் வீணானது.

இதில் எனக்கு வலிப்பது வேறு. குமரேசனை நாம் எத்தனை வருடமாக ஓட்டுகிறோம்? 2000 மே மாதம். 'ஐ லவ் யூ' என்ற தலைப்பில் மெயில். அதோடு ஒரு காதல் கடிதம். பார்வைக்குச் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். பெயரின் கடைசியில் ஒட்டியிருந்த விபிஎஸ் என்ற மூன்றெழுத்தை விண்டோஸ் தானாக மறைத்துவிட்டதால், அது ஓடும் நிரல் என்று யாருக்கும் தெரியவில்லை. திறந்தவரின் முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. குமரேசனுக்கு அன்றைக்கு எத்தனை காதல் கடிதம் வந்தது, அவன் எத்தனையைத் திறந்தான் என்பது உனக்கு நினைவிருக்கும். டை கட்டிக்கொண்டு கேன்டீனுக்கு வந்தானே! இருபத்தைந்து வருடம் அவனைச் சிரித்த எனக்குக் காதல் கடிதம்கூட வரவில்லை. ஒரு டிக் கட்டம், அதிலேயே விழுந்தேன்.

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன் நான். உன் பென் டிரைவைச் சொருகும் முன் கை கழுவச் சொன்னவன். அந்த வெட்கம்தான் பெரிய தப்பைச் செய்ய வைத்தது. மூன்றாவது நாள், தெரியாத இடத்திலிருந்து யாரோ உங்கள் கணக்கில் நுழைந்திருக்கிறார்கள் என்று எச்சரிக்கை வந்தது. அப்போதே வீட்டில் சொல்லியிருக்கலாம். நானே சரிசெய்துவிடுகிறேன் என்று இரண்டு நாள் யாருக்கும் சொல்லாமல் மூடி வைத்தேன். அதுவும் அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினேன், புதியதும் அவன் கைக்கே போனது. அந்த இரண்டு நாளில்தான் உங்கள் எல்லாருக்கும் மெயில் போயிருக்கிறது.

வாத்தியார் பணம் அனுப்பிவிட்டார், பாலு.

அவருக்கு டியர் சார் என்று வந்தது விசித்திரமாகப் படவில்லை. நான் அவரை எப்போதும் சார் என்றுதானே கூப்பிடுவேன். மறு கேள்வி கேட்கவில்லை. "நீ கேட்டு நான் எப்படியடா இல்லை என்பேன்" என்கிறார். திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்க மாட்டேன் என்கிறார். இதை எப்படிச் சமாளிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த தடவை நீயும் கூட வா. நீ சொன்னால் கேட்பார்.

நித்யா வந்ததும் முதல் வேலையாக இணையத்தைப் பிடுங்கினாள். மாலதியின் போனிலிருந்து மெயில் பாஸ்வேர்டை மாற்றி, 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதை அமுக்கினாள். அப்போதுதான் அந்தத் திருட்டு முத்திரை செல்லாக்காசானது. பிறகு கம்ப்யூட்டரைச் சுத்தமாகத் துடைத்து விண்டோஸை மறுபடி போட்டாள். அரை நாள் ஆனது. ஆன்டிவைரஸ் எதுவும் இல்லை என்று சொன்ன பிறகும் துடைத்தாள். ஒரு தடவை வீட்டுக்குள் வந்தவன் எங்கே சாவி ஒளித்து வைத்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும் என்றாள். படங்கள் எல்லாம் தப்பித்தன. அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. தனி ஹார்ட் டிஸ்கின் கேபிள் குட்டை, மேசை வரை எட்டாது, அதனால் நகல் எடுத்த பிறகு கழற்றிவிடுவேன். எப்போதும் சொருகியே வைத்திருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வரும்போது நகலையும் சேர்த்துப் பூட்டிவிடுமாம். குட்டைக் கேபிளுக்கு நன்றி.

இப்போது எனக்கு இரண்டு கணக்கு. நிர்வாகி கணக்கின் பாஸ்வேர்டு நித்யாவிடம். நான் தினமும் புழங்குவது சாதாரணக் கணக்கு, எதையாவது நிறுவப் போனால் அனுமதி கேட்டு நிற்கும். என் வீட்டிலேயே நான் வாடகைக்காரன். ஆனால் இது இருந்திருந்தாலும் அன்றைக்கு நான் தப்பியிருக்க மாட்டேன். பிரவுசரில் கிடந்தது என் சொந்தப் பொருள், அதை அள்ள நிர்வாகியின் தயவு தேவையே இல்லை. அதனால் பாஸ்வேர்டெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. நீ சிரிப்பாய். உலகத்தின் மறுமூலையில் இருப்பவன் என் அலமாரியைத் திறக்க முடியாது, நீயோ எல்லாவற்றுக்கும் உன் பழைய ஸ்கூட்டர் நம்பரைத்தான் வைத்திருக்கிறாய். மறுக்காதே.

உன் கம்ப்யூட்டர் நினைப்பு வந்தால்தான் எனக்குத் தூக்கம் போகிறது. போன தடவை பார்த்தேனே, மூன்று 'கிளீனர்', இரண்டு ஆன்டிவைரஸ். ஒன்றையொன்று திருடன் என்று நினைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஒன்று போதும், மற்றதை எல்லாம் தூக்கிப்போடு. பிரவுசரில் வானிலை காட்டும் எக்ஸ்டென்ஷன், அதாவது ஒட்டு நிரல், ஒன்று வைத்திருக்கிறாய், அது கேட்டிருக்கும் அனுமதியைப் படித்தாயா? எல்லாத் தளங்களிலும் நீ பார்ப்பதைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி. மழை வருமா என்று சொல்ல அதற்கு உன் பாங்க் பக்கம் எதற்கு?

அப்டேட் வந்தால் 'பிறகு நினைவூட்டு' என்று அமுக்குவதை நிறுத்து. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் உலகத்தையே கலக்கியது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே ஒட்டுப் போட்டுவிட்டது. இரண்டு மாதம் ஒட்டாமல் இருந்தவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். உன்னுடையதோ விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அதற்கப்புறம் நீட்டிப்புக்குத் தனியாகப் பதிவு செய்தால்தான் ஒட்டு வரும், அதுவும் கொஞ்ச காலத்துக்கு. நீ பதிவு செய்திருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். ரவுட்டர் பாஸ்வேர்டும் 'அட்மின்' என்றே இருக்கும். என்னுடையதும் அப்படித்தான் இருந்தது, நித்யா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்து தருகிறேன். அப்படியே இரண்டு பேரும் வாத்தியாரைப் பார்க்கப் போகலாம்.

அதுவரைக்கும் ஒன்று செய். என் பெயரில் யார் பணம் கேட்டாலும், மெயிலோ போனோ, என் குரலே ஆனாலும், குமரேசன் அன்றைக்கு எத்தனை காதல் கடிதம் திறந்தான் என்று கேள். பதிலை இதில் எழுத மாட்டேன். இந்தக் கடிதத்தை வழியில் யார் பிரிப்பார்களோ.

உன்,
சேகர்