கயலுக்கு, மறுப்புக் கடிதம் எழுதிய அப்பா

மதுரை,
2 மார்ச் 2025

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியபோது, உங்கள் கீழ்வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொன்னாய். இடுப்பெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில வாரங்கள் ஒரு மையத்தில் தங்கி நடைப்பயிற்சி பெற மருத்துவர் எழுதிக் கொடுத்தும் அவருடைய காப்பீட்டு நிறுவனம் அனுமதி மறுத்துவிட்டது என்றும், அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போவதைப் பார்த்துவிட்டு வந்ததாகவும் சொன்னாய். அதே மூச்சில், நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்ட காப்பீட்டு நிறுவனத் தலைவரைப் பற்றி, "அந்த ஆளுக்கு வேண்டியதுதான் அப்பா" என்றாய். நான் ஒன்றும் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். உன் மேல் கோபம் வந்து அப்படிச் செய்யவில்லை. முப்பத்தோரு வருடம் நான் பார்த்த வேலை என்னவென்று உன்னிடம் முழுதாகச் சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அப்பா இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்தார் என்ற அளவில்தான் உனக்குத் தெரியும். கடைசிப் பதினோரு வருடங்கள் நான் மெடிக்ளைம் மேசையில் இருந்தேன். வருகிற க்ளெய்மைப் படித்துப் பணம் கொடுக்கலாமா கூடாதா என்று குறிப்பு எழுதுவதும், கூடாது என்று முடிவானால் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதும் என் பொறுப்பு.

2006ஆம் ஆண்டு ஐப்பசியில், நல்ல மழை நாளில், செல்லூரிலிருந்து ஒரு தறிக்காரர் மஞ்சள் பையோடு வந்தார். அவர் மனைவிக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்திருந்தது. பில் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய். பாலிசி எடுத்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது; டிஸ்சார்ஜ் சம்மரியிலோ, நோயாளிக்கு ஐந்து வருடமாகச் சர்க்கரை உண்டு என்று ஒரு வரி இருந்தது. அந்த ஐந்து எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டர் கேட்டபோது கூடப் போயிருந்த மைத்துனர் குத்துமதிப்பாகச் சொன்னது என்றார். ரத்தப் பரிசோதனைச் சீட்டு எதுவும் அதற்கு ஆதாரமாக இல்லை. ஆனால் பாலிசிக்கு முன்பே இருந்த நோய் என்று எழுதி ஃபைலை மூட எங்களுக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. அவர் கடிதத்தை வாங்கி நான்காக மடித்து, பில்களுக்கு அடியில் வைத்து, "மழை விடுற வரைக்கும் இங்கன உக்காந்துட்டுப் போகட்டுமாய்யா" என்று கேட்டார். முக்கால் மணி நேரம் என் எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் என்று ஒருவர் இருக்கிறார், அவரிடம் மனுக் கொடுக்கக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம் என்பது எனக்குத் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. மழை விட்டதும் அவர் போய்விட்டார்.

ஆகவே உன் கோபம் தவறு என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. அது தவறும் அல்ல. உன் கீழ்வீட்டுக்காரர் சேர்ந்திருக்கும் மெடிகேர் அட்வான்டேஜ் என்பது, முதியவர்களுக்கான அரசுக் காப்பீட்டைத் தனியார் நிறுவனங்கள் நடத்தும் ஏற்பாடு. ஒரு தலைக்கு மாதம் இவ்வளவு என்று அரசு கொடுத்துவிடுவதால், கொடுக்கப்படாத ஒவ்வொரு சிகிச்சையின் பணமும் நிறுவனத்திடமே தங்கிவிடுகிறது. அமெரிக்க செனட்டின் விசாரணைத் துணைக்குழு 2024 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையைத் தேடிப் படித்தேன். மருத்துவமனையிலிருந்து வெளிவந்தவர்களுக்குத் தேவைப்படும் இத்தகைய தொடர் சிகிச்சைக்கான கோரிக்கைகளில், யுனைடெட் ஹெல்த்கேர் என்ற காப்பீட்டு நிறுவனம் 2020இல் மறுத்தது 10.9 சதவீதம், 2022இல் 22.7 சதவீதம். இரண்டே வருடத்தில் முதியவர்களின் இடுப்பெலும்பு உறுதியாகிவிடவில்லை. மறுப்பது எளிதாகியிருக்கிறது. எங்கள் காலத்தில் மறுப்பதற்கு முன் அந்த மனிதரின் முகத்தையாவது பார்க்க வேண்டியிருந்தது.

யுனைடெட் ஹெல்த்கேரின் தலைவராக இருந்த பிரையன் தாம்ப்சன் 2024 டிசம்பர் 4 அன்று மன்ஹாட்டனில் ஒரு ஹோட்டல் வாசலில் சுடப்பட்டார். தோட்டா உறைகளில் மறுப்பதையும் இழுத்தடிப்பதையும் குறிக்கும் சொற்கள் எழுதப்பட்டிருந்தன என்று படித்தபோது என் கை நடுங்கியது. அவை என் மேசையின் சொற்கள். நிறுவனம் வெளியிட்ட இரங்கல் குறிப்புக்குக் கீழே ஆயிரக்கணக்கானோர் சிரிப்புக் குறி இட்டார்கள். அதே மாதம் எமர்சன் கல்லூரி எடுத்த கருத்துக் கணிப்பில், 18 முதல் 29 வயது வரையுள்ள வாக்காளர்களில் 41 சதவீதம் பேர் அந்தக் கொலையை ஏற்கத்தக்கது என்றார்கள். உனக்கு 28 வயது. அதனால்தான் அந்த எண்ணை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

கைதாகியிருக்கும் லூயிஜி மான்ஜியோனி தாம் குற்றவாளி அல்ல என்று நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறார். வழக்கு நடக்கிறது, அதைத் தீர்ப்பது என் வேலையல்ல. ஆனால் அவரை ஏழைகளின் காவலராக உன் வயதுக்காரர்கள் கொண்டாடுவதால் இதைச் சொல்கிறேன். அவர் பால்டிமோரில் வசதியான குடும்பத்தில் பிறந்து, தனியார் பள்ளியிலும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலும் படித்தவர். அந்த நிறுவனத்தில் பாலிசி வைத்திருந்தவரும் அல்லர் என்கிறது நிறுவனம். இறந்தவர் அயோவாவில் ஒரு சிற்றூரில் வளர்ந்து, ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி டாலர் வாங்கும் நிலைக்கு வந்தவர். இரண்டு பையன்களுக்குத் தகப்பன். இதில் உன் கீழ்வீட்டுப் பெரியவர் எங்கே இருக்கிறார்? அவர் இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். காலியான நாற்காலியில் சுமார் ஏழு வாரத்தில், ஜனவரி 23 அன்று, வேறொருவரை அறிவித்துவிட்டார்கள்.

கொலை நடந்த மறுநாளே ஆந்தம் என்ற இன்னொரு காப்பீட்டு நிறுவனம், அறுவை சிகிச்சையில் மயக்க மருந்துக்கு நேர வரம்பு வைக்கும் திட்டத்தைக் கைவிட்டதே என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. பயம் அதில் வேலை செய்யவே இல்லை என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மயக்க மருத்துவர்களின் சங்கம் முந்தைய மாதமே அதை எதிர்த்துப் பகிரங்கமாக அறிக்கை விட்டிருந்தது. அந்த அறிக்கை இல்லாவிட்டால், பயந்த நிறுவனம் எதைக் கைவிட வேண்டும் என்ற கேள்வியே எழுந்திருக்காது.

எங்கள் ஆபீசிலும் ஒருமுறை கோபம் கைமீறியது. க்ளெய்ம் மறுக்கப்பட்ட ஒருவர் நாற்காலியைத் தூக்கி கவுன்டர் கண்ணாடியில் எறிந்தார். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த, வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமே ஆன பெண்ணின் புருவத்தில் ஆறு தையல். அவள் எந்த க்ளெய்மையும் மறுத்தவள் அல்ல. அடுத்த வாரம் கவுன்டர் முழுக்க இரும்புக் கம்பி வைத்துவிட்டார்கள். பெஞ்சை எடுத்து வெளி வராந்தாவில் போட்டார்கள். அதன்பிறகு மஞ்சள் பையோடு வந்தவர்கள் நின்றபடியே ஒரு ஓட்டை வழியாகப் பேசினார்கள். எனக்கு அவர்களின் கை மட்டும்தான் தெரிந்தது. வெளிப்படையாகவே சொல்கிறேன், அந்தக் கம்பி வந்தபின் மறுப்பது எனக்கும் எளிதாகிவிட்டது.

நீ வசதியோடு இருக்கிறாய், கயல். உன் கம்பெனி நல்ல பாலிசி கொடுத்திருக்கிறது. அந்த வேலை இருக்கும்வரை அது இருக்கும். அதைவிடப் பெரிய வசதி ஒன்று உன்னிடம் உண்டு. இருபது பக்கக் கடிதத்தைப் படித்துப் புரிந்துகொள்ளவும், போனில் ஒரு மணி நேரம் காத்திருக்கவும், கேட்டதையே நான்காம் முறை கேட்கவும் உன்னால் முடியும். வலியோடு இருக்கிற, தனியாக வாழ்கிற எழுபத்தெட்டு வயது மனிதரால் அது முடியாது; முடியாது என்பது நிறுவனங்களின் கணக்கிலும் இருக்கிறது. 2023இல் மெடிகேர் அட்வான்டேஜ் நிறுவனங்கள் 32 லட்சம் முன் அனுமதிக் கோரிக்கைகளை முழுமையாகவோ பகுதியாகவோ மறுத்தன. மேல்முறையீடு செய்யப்பட்டது அவற்றில் 11.7 சதவீதம்தான். அப்படிச் செய்தவற்றில் 81.7 சதவீதம் முடிவுகள் மாறின. மனுக் கொடுக்கத் தெம்பில்லாமல் வீட்டிலேயே இருந்துவிட்ட மற்றவர்களை நினைத்தால் எனக்குச் செல்லூர்க்காரரின் முகம்தான் வருகிறது.

ஆகவே இதைச் செய். பெரியவரிடம் போய் அந்த மறுப்புக் கடிதத்தை வாங்கு. முதலில் தேதியைப் பார். அதிலிருந்து 65 நாளைக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அவர் சம்மதித்தால் அவர் சார்பில் பேச உனக்கு அதிகாரம் கொடுக்கும் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள். தாமதம் ஆபத்து என்று மருத்துவரே கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். நிறுவனம் மறுபடியும் மறுத்தால் ஃபைல் தானாகவே வெளியிலுள்ள தனி ஆய்வாளர்களுக்குப் போகும். மருத்துவரிடம் பொதுவான சிபாரிசுக் கடிதம் வாங்காதே. எத்தனை அடி தனியாக நடக்கிறார், எத்தனை முறை விழுந்தார், வீட்டில் துணைக்கு யார் இருக்கிறார் என்று எண்ணும் விவரமுமாக எழுதச் சொல். மறுக்கிறவனின் கண் அந்த இடங்களில்தான் நிற்கும்.

கடிதத்தின் எல்லாப் பக்கத்தையும், பின்பக்கச் சிறிய எழுத்தையும் சேர்த்து, படம் எடுத்து எனக்கு அனுப்பு. எந்த வரியை வைத்து மறுத்திருக்கிறார்கள் என்று நான் கண்டுபிடித்துச் சொல்கிறேன். உங்கள் காலை நேரம் எனக்கு இரவு. பதினொரு மணி வரை விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா