வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: 1917-ஐப் படித்த ஓராண்டு

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஓராண்டு முழுக்க ஒரே பொருளைப் படிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். மிசௌரி மாநிலத்தின் கான்சஸ் சிட்டியில் இருந்துகொண்டு வேறு எதைத் தேர்ந்தெடுப்பது? யூனியன் ஸ்டேஷனுக்கு எதிரே மேட்டில் நிற்கும் 217 அடி கோபுரத்தைத் தாண்டித்தான் நம்மில் பலர் தினமும் வேலைக்குப் போகிறோம். முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக எழுப்பிய நினைவுச் சின்னம் அது என்பதைப் பத்து வருடமாக இங்கே இருக்கும் எனக்கே போன ஆண்டுதான் யாரோ சொல்லித் தெரிந்தது. ஆகவே பொருள், முதல் உலகப் போரில் அமெரிக்கா.

பன்னிரண்டு கூட்டங்கள் திட்டமிட்டோம், பத்து நடந்தன. ஜனவரிக் கூட்டம் பனியால் நின்றது. ஜூலையில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள்.

முதல் இரண்டு கூட்டங்கள் அமெரிக்கா ஏன் போருக்குள் போனது என்பதற்கே சரியாக இருந்தன. போரிலிருந்து நாட்டை விலக்கி வைத்தவர் என்ற பிரசாரத்தோடு 1916-இல் மறுபடி வென்ற அதிபர் வில்சன், ஐந்தே மாதத்தில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் முன் நின்று போர் கேட்டார். இடையில் ஜெர்மனி தன் நீர்மூழ்கிக் கப்பல்களை மறுபடி கட்டவிழ்த்துவிட்டது. மெக்சிகோவைத் தன் பக்கம் இழுக்க ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ஜிம்மர்மன் அனுப்பிய தந்தியும் அம்பலமானது. 1917 ஏப்ரல் 6-இல் போர் அறிவிப்பு. செனட்டில் எதிர்த்து வாக்களித்த ஆறு பேரில் ஒருவர் நம் மிசௌரியின் வில்லியம் ஸ்டோன் என்பது பலருக்குப் புதுச் செய்தி.

மே மாதக் கூட்டத்தைத்தான் நான் கொஞ்சம் விரிவாகப் பதிவு செய்ய வேண்டும். பக்கத்து மாநிலமான அயோவாவில் 1918 மே 23 அன்று ஆளுநர் ஹார்டிங் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பள்ளிக்கூடத்தில், ரயிலில், பொது இடத்தில், தேவாலயத்தில், தொலைபேசியிலும்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது! ஜெர்மன்மேல் இருந்த கோபத்தில் மற்ற மொழிகளும் சேர்ந்து அடிபட்டன. தொலைபேசியில் ஜெர்மன் பேசிய பெண்களுக்கு அபராதம் விழுந்தது. இதை வாசித்தபோது கூடத்தில் யாரும் பேசவில்லை. தினமும் ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டுத் தமிழில் பேசுகிறவர்கள்தானே எல்லோரும். நம் தமிழ்ப் பள்ளி ஆசிரியை ஒருவர், அடுத்த வாரம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லப் போகிறேன் என்றார், சொல்லவும் செய்தார்.

அதே கூட்டத்தில்தான் ஹென்றி குந்தர் கதையும் வந்தது. பால்டிமோரைச் சேர்ந்த அமெரிக்க வீரர், ஜெர்மனியிலிருந்து வந்த குடும்பத்துப் பேரன். போர்முனையின் கஷ்டத்தைக் கடிதத்தில் நண்பருக்கு எழுதப்போய், அது தணிக்கையில் சிக்கி, சார்ஜென்ட் பதவி பறிபோனது. 1918 நவம்பர் 11, பதினொரு மணிக்குப் போர் நிற்கப் போகிறது. குந்தர் துப்பாக்கியோடு ஜெர்மானியரின் இயந்திரத் துப்பாக்கியை நோக்கி ஓடினார். திரும்பிப் போ என்று அவர்களே கையசைத்தார்கள். அவர் நிற்கவில்லை. 10:59-க்கு விழுந்தார். பறித்த பதவியை இறந்த பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். தன்னை அமெரிக்கன் என்று நிரூபிக்கத்தான் ஓடினார் என்பது என் எண்ணம்.

செப்டம்பரில் குடும்பங்களோடு, அந்தக் கோபுரத்தின் அடியில் இருக்கும் முதல் உலகப் போர் அருங்காட்சியகம் போனோம். உள்ளே நுழையக் கண்ணாடிப் பாலம், கீழே 9,000 பாப்பிப் பூக்கள், ஒரு பூவுக்குப் போரில் இறந்த ஆயிரம் வீரர்கள். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி பாலத்தில் உட்கார்ந்து, “அமெரிக்காவுக்கு எத்தனை பூ?” என்று கேட்டாள். இறந்த அமெரிக்கர்கள் 1,16,516 பேர். ஏறக்குறைய 117 பூ. அதில் பாதிக்கு மேல் நோயால் போனவர்கள், பெரும்பாலும் ஃப்ளூ காய்ச்சல். 1918 மார்ச்சில் அந்தக் காய்ச்சல் பரவத் தொடங்கிய இடங்களில் ஒன்று, பக்கத்துக் கான்சஸ் மாநிலத்தில் இருந்த ஃபன்ஸ்டன் ராணுவ முகாம். பேருந்து இரண்டு மணி நேரம் தாமதமாக வந்ததற்கு உறுப்பினர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசிக் கூட்டம் பகத் சிங் திண்ட் பற்றியது. பஞ்சாபில் பிறந்து, தலைப்பாகையோடு அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து, நற்சான்றோடு விடுவிக்கப்பட்டவர். கிடைத்த குடியுரிமையை, அவர் வெள்ளையர் அல்ல என்று 1923-இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. முன்னாள் வீரர்களுக்கான சட்டம் வந்த பிறகே, 1936-இல் திரும்பப் பெற்றார். நம்மில் அடுத்த மாதம் குடியுரிமை உறுதிமொழி எடுக்கப் போகும் மூன்று பேரும் அன்று வந்திருந்தார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நூலகத்திலிருந்து வட்டத்தின் பெயரில் எடுத்த நூல்களில் நான்கு இன்னும் திரும்பவில்லை. எடுத்தவர்கள் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். நவம்பர் 11 காலை பதினொரு மணிக்குக் கோபுரத்தடியில் கூடுவது என்ற தீர்மானத்தையும் இந்த அறிக்கையையும் ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்